எதைக் காப்பது என்று தீர்மானிப்பவர் யார்?

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பக்கம் கட்டிய காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். கணினியைக் கழற்றிப் பூட்ட எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவன் கணினி வலையமைப்பில் காப்புப் பிரதி எடுக்கும் முறையைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆனால், பல ஆண்டுகளுக்கு முன்னர் நேர்ந்த ஓர் இழப்பின் காரணத்தைத் தேடிச் சென்றபோது நான் போய் நின்ற இடம், அத்தகைய முறைமை ஒன்றின் அமைப்புப் பக்கம். அங்கே நான் கண்டவை வெறும் தொழில்நுட்ப விடயங்கள் அல்ல. ஆசிரிய பீடம் எடுத்திருக்க வேண்டிய, ஆனால் எடுக்காமல் விட்ட தீர்மானங்களையே அங்கு கண்டேன். அந்த எண்ணம் இன்றுவரை என்னை விட்டகலவில்லை.

அது 2010 ஆம் ஆண்டு. போர் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது. நான் அப்போது கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் இருந்தேன். எங்கள் யாழ்ப்பாணக் கிளை அலுவலகத்தில் பணியாற்றிய செய்தியாளர் ஒருவர், மீள்குடியேற்றம் நடைபெற்ற கிராமங்களுக்கு ஓய்வு நாட்களில் சென்று, காணாமற் போன உறவுகளைத் தேடும் குடும்பங்களின் விபரங்களைத் தமது சொந்த ஆர்வத்தில் பதிவு செய்து வந்தார். எவர், எப்போது, எங்கே கடைசியாகக் காணப்பட்டார், கண்டவர் யார் என்று கிராமவாரியாக வகுத்து, புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தமது அலுவலகக் கணினியில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுள் பத்திரிகையில் வெளிவந்தது மிகச் சிறிய பகுதியே. எஞ்சியவற்றை வெளியிடும் காலம் அன்று கனிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு மாரி தொடங்கிய வேளையில் ஒரு நாள் மாலை இடியும் மின்னலுமாக மழை பெய்தது. மறுநாட் காலை அந்தக் கணினி இயங்கவில்லை. வன்தட்டு முற்றாகப் பழுதடைந்துவிட்டது. செய்தியாளர் தொலைபேசியில் அழைத்தபோது அவரது குரலில் பதற்றம் இருக்கவில்லை. "கொழும்பிலை ஒரு பிரதி இருக்கும்தானே அண்ணை?" என்று கேட்டார். "ஓம், இருக்கும்" என்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் நிர்வாகம் அதற்கென்றே தனியாக ஒரு கணினியை வாங்கி வைத்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் உள்ளவை நாள்தோறும் அதிற் சேமிக்கப்படுகின்றன என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அங்கே எதுவும் இருக்கவில்லை. ஒரு கோப்புக் கூட இல்லை.

கணினிப் பிரிவிலிருந்த இளைஞரிடம் நான் கோபத்துடன் சென்றேன். அவர் திரையைத் திறந்து காட்டினார். காப்புப் பிரதி வெற்றிகரமாக எடுக்கப்பட்ட கணினிகளின் பட்டியல் ஒன்று. அதன் கீழே, பிரதி எதுவும் எடுக்கப்படாத கணினிகளின் பட்டியல் இன்னொன்று. அந்த இரண்டாவது பட்டியலில் எங்கள் யாழ்ப்பாணக் கணினியின் பெயர் தெளிவாக இருந்தது. "சேர், இது முதல் நாளிலையிருந்து இங்கைதான் இருக்குது. நானும் பார்க்கேல்லை, ஒருத்தரும் கேக்கவும் இல்லை" என்றார். அவரது நேர்மை என் கோபத்தைத் தணித்தது. அன்று மாலை முழுவதும் அவருக்கு அருகில் அமர்ந்து அந்த முறைமையைப் பற்றிக் கேட்டறிந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் நிறுவப்பட்டிருந்தது பேக்கப்பீசி என்னும் மென்பொருள். கிரேக் பரட் என்பவர் உருவாக்கி 2001 இல் வெளியிட்ட, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடிய திறந்த மூல மென்பொருள் அது. இத்தகைய முறைமைகளில் நடுவில் ஒரு வழங்கிக் கணினி, அதாவது சேர்வர், இருக்கும். அலுவலகத்தில் உள்ள ஏனைய கணினிகள் அதன் வாங்கிகள். கிளையன்ற் என்று கணினிப் பிரிவினர் சொல்வது அவற்றைத்தான். குறித்த நேரத்தில் வழங்கி ஒவ்வொரு வாங்கியையும் தேடிச் சென்று, புதிதாக உள்ளவற்றைப் பிரதி செய்துகொள்ளும். எதை எடுப்பது, எதை விடுவது, எப்போது எடுப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, தவறினால் யாருக்கு அறிவிப்பது என்பவை அமைப்புக் கோப்புக்களில் எழுதப்பட்டிருக்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான கோப்பு ஒன்று உண்டு. அதற்கு மேலாக, ஒவ்வொரு வாங்கிக்கும் தனியான கோப்பு ஒன்றை எழுதிப் பொதுவிதியை மாற்றிக்கொள்ளவும் வசதியுண்டு.

எங்கள் அலுவலகத்தில் அந்தத் தனிக்கோப்பு எந்தக் கணினிக்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பொதுவிதியே எல்லாருக்கும் விதி. அந்தப் பொதுவிதியோ, மென்பொருளுடன் வந்த தொடக்க நிலை விதி. அதை வகுத்தவர்கள் தவறாக எதையும் செய்துவிடவில்லை. ஆனால் அவர்கள் மனதில் இருந்தது வேறு வகையான அலுவலகம்.

யாழ்ப்பாணக் கணினி ஏன் விடுபட்டது என்பதை முதலிற் சொல்கிறேன். பிரதி எடுப்பதற்கு முன்னர் வழங்கி, வாங்கிக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்பி, அதற்கு மறுமொழி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். தொடக்க நிலையில் அதற்கான எல்லை 20 மில்லி செக்கன். அதைவிடத் தாமதமானால், அந்தக் கணினி தொலைவிலிருந்து மெதுவான இணைப்பில் வந்திருக்கிறது என்று கருதி, அதைத் தொடாமல் விட்டுவிடும். ஒரே கட்டடத்துக்குள் இது நல்ல விதி. பயணத்தில் இருக்கும் ஒருவரின் மடிக்கணினியின் இணைப்பை அடைத்துவிடாமல் இது காக்கும். ஆனால் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் வந்த எங்கள் யாழ்ப்பாண இணைப்பு அந்த எல்லைக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு மணித்தியாலமும் வழங்கி அந்தக் கணினியைக் கூப்பிட்டது, மறுமொழி தாமதமாக வந்தது, விட்டுவிட்டுச் சென்றது. ஈராண்டுகள் இப்படியே கழிந்தன.

ஓர் எண்ணை மாற்றியிருந்தால் போதும். அந்த ஒரு கணினிக்கு மட்டும் எல்லையை உயர்த்தி, இரவு வேளையில் சிறிது சிறிதாக எடுக்கும்படி செய்திருக்கலாம். அதற்கு, கிளை அலுவலகத்தில் இருப்பவை தலைமை அலுவலகத்தில் இருப்பவற்றை விடப் பெறுமதியானவை என்று தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தின் முன் அமர்ந்திருக்க வேண்டும். கணினிப் பிரிவு இளைஞருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததேயில்லை.

அன்று மாலை நான் அறிந்துகொண்ட ஏனைய விடயங்களும் இதே தன்மையானவை.

விண்டோஸ் கணினிகளைப் பொறுத்தவரை, அந்த மென்பொருளின் தொடக்க நிலை விதி 'சி' ட்ரைவை மட்டுமே பிரதி செய்யும். எங்கள் பக்க வடிவமைப்பாளர்களோ, கணினி பழுதடைந்து மீண்டும் விண்டோஸ் நிறுவ நேர்ந்தால் வேலைகள் அழிந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையில், எல்லாப் பக்கங்களையும் 'டி' ட்ரைவில் வைத்திருந்தார்கள். அவர்களது முன்னெச்சரிக்கையே அவர்களது வேலையைக் காப்பின் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தது.

இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கணினிப் பிரிவினர் விண்டோஸ் கோப்புறையை விலக்கற் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். எங்கும் செய்யப்படுவதுதான். விண்டோஸை இறுவட்டிலிருந்து மீண்டும் நிறுவிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் எழுத்துருக்கள் இருப்பதும் அந்தக் கோப்புறைக்குள்தான். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட பழைய பக்கங்களை, அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்தான் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கென்றே வடிவமைத்துக்கொண்ட தலைப்பு எழுத்துருக்கள் சில வேறெங்கும் கிடைக்கமாட்டா. ஆங்கிலப் பத்திரிகைக்குக் குப்பையாக இருக்கக்கூடிய கோப்புறை, தமிழ்ப் பத்திரிகைக்குத் திறவுகோலாக இருந்தது.

எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளை வார நாட்களில் காலை 7 மணி முதல் இரவு 7.30 வரை தொந்தரவு செய்யாதே என்பது இன்னொரு விதி. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் அலுவலர்களை எண்ணி எழுதப்பட்டது அது. நாளிதழில் பக்கங்கள் உயிர்பெறுவதே இரவு 7.30 இற்குப் பின்னர்தான். சரியாக அந்த வேளையில் பிரதி எடுக்கும் பணி தொடங்க, கணினிகள் மந்தமாகின என்று வடிவமைப்பாளர்கள் முறையிட்டதும், ஒரு கணினியைப் பட்டியலிலிருந்தே நீக்கும்படி அவர்கள் கேட்டுக்கொண்டதும் பின்னர்தான் எனக்குத் தெரியவந்தன. நேரத்தை மாற்றியிருக்க வேண்டிய இடத்தில் கணினியை நீக்கியிருந்தார்கள்.

பிரதிகளை எத்தனை காலம் வைத்திருப்பது என்பது மற்றொன்று. ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை முழுப்பிரதி, நாளுக்கு ஒருமுறை மாற்றங்களின் பிரதி. தொடக்க நிலையில் வைத்திருப்பது ஒரு முழுப்பிரதியும் ஆறு மாற்றப் பிரதிகளும். கணினி திடீரென இறந்துபோனால் இது போதும். ஆனால் ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பை ஒரு மாதம் கழித்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய கட்டுரைக்காக இன்று நீதிமன்றத்தில் நிற்க நேரும் தொழில் எங்களுடையது. எங்களுக்கு இரண்டு வாரம் எம்மாத்திரம்?

இறுதியாக, அறிவித்தல். பல நாட்களாகப் பிரதி எடுக்கப்படாவிட்டால் அந்தக் கணினியின் உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு இந்த மென்பொருளில் உண்டு. ஒவ்வொரு வாங்கிக்கும் நேராக ஓர் உரிமையாளரின் பெயரை எழுத வேண்டும். யாழ்ப்பாணக் கணினிக்கு நேரே, வேலையை விட்டு வெளிநாடு சென்றுவிட்ட ஒருவரின் பெயர் இருந்தது. அந்த மென்பொருள் ஈராண்டுகளாக உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இது எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரிய அவலம் அல்ல. 2017 ஜனவரி 31 ஆம் திகதி கிற்லாப் என்னும் புகழ்பெற்ற மென்பொருட் சேவை நிறுவனத்தில், பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட பிரதி எடுக்கப்படவேயில்லை என்பது தெரியவந்தது. பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தவில்லை. தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறுநரின் சேவையால் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத் தரவுகள் இழக்கப்பட்டன. அந்நிறுவனம் இவை அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டது போற்றத்தக்கது.

எமது நாட்டிலும் 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க முகிற் கணிமைச் சேவை, கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. இணைப்புக்கு வெளியே தனியாக வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலத்துக்கு இல்லாததால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஓர் அரசாங்கத்தின் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து அது. காப்பு இருக்கிறது என்று சொல்வதற்கும், எது எங்கே எப்படிக் காக்கப்படுகிறது என்று அறிந்திருப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிட வேறெது விளக்கும்?

இத்தகைய இழப்புக்களைப் பேசும்போது எம்மவர் உடனே 1981 ஐ நினைவுகூர்வர். அந்த ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஈழநாடு நாளிதழின் பணிமனையும் எரிக்கப்பட்டது. அந்த ஒப்பீட்டை நான் செய்யமாட்டேன். அது பிறர் எமக்கு இழைத்த கொடுமை. எங்கள் வன்தட்டு அழிந்தது மின்னலால். அதிலிருந்தவை அழிந்தது எங்கள் கவனயீனத்தால். எரிக்கப்பட்டதை நினைந்து அழும் சமூகம், எரியாமல் எஞ்சியவற்றை எங்கே, எத்தனை பிரதிகளாக வைத்திருக்கிறது என்று தன்னைத்தானே கேட்பது அழுகையை விடக் கடினமானது.

இங்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துச் சேமித்துவிட்டாற் போதும் என்பதும் என் வாதம் அல்ல. யாழ்ப்பாணச் செய்தியாளரிடம் பின்னொரு நாள் மனம் விட்டுப் பேசியபோது அவர் ஒன்றைச் சொன்னார். அந்தப் பதிவுகள் கொழும்புக்குச் சென்றிருந்தால் அங்கு யார் யார் அவற்றைத் திறந்து பார்த்திருக்க முடியும் என்று கேட்டார். நான் கணினிப் பிரிவில் விசாரித்தேன். முறைமையின் நிர்வாகி எல்லாக் கணினிகளின் எல்லாக் கோப்புக்களையும் உலாவியில் திறந்து பார்க்கலாம் என்றார்கள். பேக்கப்பீசி தான் சேமிப்பவற்றைத் தானாக மறைகுறியாக்குவதில்லை. வாக்குமூலம் தந்த தாய்மாரின் பெயர்களும் முகவரிகளும் அங்கே திறந்தபடி கிடந்திருக்கும். அந்தக் காலத்தில் அதன் பொருள் என்ன என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, காப்பதற்கான பட்டியலைப் போலவே விலக்குவதற்கான பட்டியலும் செய்தியாளரின் தீர்மானத்துக்கு உரியது. பகூலா போன்ற வேறு சில முறைமைகளில், வாங்கிக் கணினியிலேயே தரவை மறைகுறியாக்கி, அதன் பின்னரே வழங்கிக்கு அனுப்பும் வசதி உண்டு. அப்போது வழங்கியின் நிர்வாகிக்குக் கூட உள்ளடக்கம் தெரியாது. ஆனால் திறவுகோலைத் தொலைத்தால் பிரதியும் தொலைந்ததாகவே கொள்ள வேண்டும். எந்த வழியைத் தெரிவதாயினும் அதைத் தெரிபவர், தகவல் தந்தவருக்கு வாக்குக் கொடுத்தவராகவே இருக்க வேண்டும். எங்கள் செய்தியாளரிடம் இரண்டையும் எவரும் கேட்கவில்லை. காக்கவா என்றும் கேட்கவில்லை. மறைக்கவா என்றும் கேட்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை, இன்று எல்லாம் முகிலில் இருக்கிறது என்று இளைய நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் கணினியில் எந்தக் கோப்புறைகள் மேலே செல்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? மைக்ரோசொப்ட்டின் வன்ட்ரைவ் இயல்பாகக் காக்க முன்வருவது டெஸ்க்ரொப், டொக்கியுமென்ற்ஸ், பிக்சர்ஸ் போன்ற குறித்த சில கோப்புறைகளை. 'டி' ட்ரைவின் கதை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று எண்ணுவோரும் உளர். செய்தியாளரின் ஒலிப்பதிவுகளோ இப்போது கணினியிலேயே இல்லை. அவருடைய சொந்தக் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. அது எந்த வழங்கியின் பட்டியலில் வாங்கியாக இருக்கிறது?

என் வேண்டுகோள் எளிமையானது. ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்திலும், ஆண்டுக்கு இரு தடவையேனும், ஆசிரிய பீடத்தவர் ஒருவரும் கணினிப் பிரிவினர் ஒருவரும் ஒரே திரையின் முன் அமர வேண்டும். ஒவ்வொரு கணினியாக எடுத்து ஆறு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இதில் வேலை செய்பவர் உண்மையில் எங்கே சேமிக்கிறார்? எது விலக்கப்பட்டிருக்கிறது, ஏன்? எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது? எத்தனை காலம் வைக்கப்படுகிறது? தவறினால் யாருக்கு அறிவித்தல் செல்கிறது, அவர் இன்னமும் இங்கே வேலை செய்கிறாரா? யார் திறந்து பார்க்கலாம்?

அத்துடன், இவற்றை மட்டும் எடு என்று சொல்லும் பட்டியலை விட, இவற்றைத் தவிர அனைத்தையும் எடு என்று சொல்லும் பட்டியலே எம்மைப் போன்றோருக்கு உகந்தது. முதலாவது முறையில், நாளை ஒருவர் புதிதாகத் திறக்கும் கோப்புறை தானாகவே விடுபட்டுவிடும். இரண்டாவதில் அது தானாகவே சேர்ந்துகொள்ளும். மறதி மனித இயல்பு. அந்த மறதி எந்தப் பக்கம் சாய்ந்தால் நட்டம் குறைவு என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது அறிவுடைமை. இறுதியாக, ஒரு கோப்பைத் தெரிந்தெடுத்து, அதைப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து வாசித்துப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, அச்சுக்குப் போகாத பக்கத்தைப் போன்றது. இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, எவரும் அதை வாசித்ததில்லை.

இதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது போதும். ஒப்புநோக்காமல் ஒரு பக்கத்தை அச்சுக்கு அனுப்பாத நாங்கள், எமது நினைவகத்தின் பக்கத்தை மட்டும் ஒப்புநோக்காமலே விட்டுவைத்திருக்கிறோம்.

அந்தச் செய்தியாளர் அடுத்த ஆண்டு மீண்டும் அதே கிராமங்களுக்குச் சென்றார். இம்முறை குறிப்புக் கொப்பிகளில் எழுதினார்; இரண்டு கொப்பிகள், இரண்டு வீடுகளில் வைத்தார். பல குடும்பங்கள் மீண்டும் பொறுமையுடன் எல்லாவற்றையும் சொன்னார்கள். சில குடும்பங்கள் அங்கிருந்து இடம் மாறியிருந்தன. ஒரு வீட்டில், முதல் முறை மகனைப் பற்றி நெடுநேரம் பேசிய தாய் அப்போது உயிருடன் இருக்கவில்லை. அவரது குரல் அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தது.